பெந்தோட்டைக் கடற்கரைக் கல்யாணத்துக்கு மலையிலிருந்து போகிற ஆம்பிளை என்ன உடுத்துவது?

தலவாக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கூடப் படித்த சிங்கள நண்பனுக்கு மார்ச் மாதம் பெந்தோட்டையில் கல்யாணம், ஹோட்டலுக்கு முன்னால் கடற்கரையிலேயே, பின்னேரம் 4 மணிக்கு. அழைப்பிதழில் ‘பீச் ஃபோர்மல்’ என்று போட்டிருக்கிறது. அண்ணன் தன்னுடைய கல்யாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட் சூட் ஒன்று வெயிஸ்ட்கோட்டோடு அலுமாரியில் தொங்குகிறது. அம்மா அதைத்தான் போட்டுப் போகச் சொல்கிறார், கோட் இல்லாமல் போனால் அங்கே யாரும் மதிக்க மாட்டார்கள் என்கிறார். அதைப் போடலாமா, இல்லாவிட்டால் வேறென்ன போடுவது, வேட்டி கட்டினால் சரியாக இருக்குமா என்பது கேள்வி.

கோட் வேண்டாம் தம்பி. நான் ஹட்டனில் ஆம்பிளைகள் உடுப்புத் தைக்கிறவன், நல்ல கோட் என்றால் எனக்கும் உயிர். ஆனால் மார்ச் மாதத்துப் பின்னேரத்தில், கடற்கரை வெயிலில், லைனிங் போட்ட கறுப்புக் கோட்டுக்குள் நிற்கிறவனுக்குக் கல்யாணம் கண்ணில் படாது. நண்பன் மோதிரம் மாற்றுகிற நேரத்தில் அவன் நிழல் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பான். அங்கே போவது நண்பனோடு சந்தோசமாக நிற்க, அதற்கு உடுப்பு இடைஞ்சலாக இருக்கக் கூடாது.

அம்மா சொல்வதைத் தட்டிவிடவும் முடியாது, அவர் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளை பெரிய இடத்துக்குப் போனால் யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று எல்லா அம்மாவும் நினைப்பார். கோட்டுக்கு மலையில் ஒரு தனி மதிப்பும் உண்டு. துரைமார் போட்டார்கள், கிளாக்கர் ஐயாமார் போட்டார்கள், பெரிய கங்காணிமார் வேட்டிக்கு மேலேயே கோட்டைப் போட்டுத் தலைப்பாகையும் கட்டிப் போட்டோவுக்கு நின்றார்கள். நுவரெலியா ஹில் கிளப் 1876 இல் தொடங்கியது, இரவுச் சாப்பாட்டுக்குக் கோட்டும் டையும் கேட்பதற்கே பெயர் போன இடம். அந்த ஊரில் அது பொருந்துகிறது, ஏனென்றால் நுவரெலியாவின் சராசரி வெப்பம் 16 பாகை செல்சியஸ் அளவுதான், கோட் அங்கே உடம்புக்குத் தேவை. கீழே கொழும்பில் அதே வெள்ளைக்காரர்கள் வெள்ளை ட்ரில்லும் லினனும் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். ஆக இடத்துக்குத் தக்க உடுப்புத்தான் மரியாதை என்பது கோட் கொண்டுவந்தவர்களுக்கே தெரிந்திருந்தது, இதை அம்மாவிடம் அப்படியே சொல்லலாம்.

இப்போது கடற்கரை ஏன் இப்படிப் படுத்துகிறது என்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ளுங்கள், அது விளங்கினால் துணிக்கடையில் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. உயரம் 1,000 மீற்றர் கூடினால் வெப்பம் சுமார் 6.5 பாகை குறையும். நுவரெலியா கிட்டத்தட்ட 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, பெந்தோட்டை கடல் மட்டத்தில், அந்தக் கணக்கிலேயே 12 பாகை வித்தியாசம் வந்துவிடுகிறது. மார்ச் பகலில் கரையோரம் 30, 32 பாகை சாதாரணம். ஆனால் அதைவிடப் பெரிய கஷ்டம் காற்றிலுள்ள ஈரம். வியர்வை வடிந்தால் உடம்பு குளிராது, வியர்வை காய்ந்தால்தான் குளிரும். தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், தொட்டிக்கு அடியிலிருந்து காற்று ஊதி ஊதித்தான் இலையிலுள்ள ஈரத்தை எடுக்கிறார்கள், மழைக்காலத்தில் காற்றே ஈரமாக இருந்தால் எவ்வளவு ஊதினாலும் கொழுந்து லேசில் வாடாது. உங்கள் முதுகும் கடற்கரையில் அப்படித்தான். காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை மெதுவாகத்தான் காயும், அதற்கும் துணி வழியாகக் காற்று போய் வந்தாக வேண்டும். காற்றை அடைக்கிற எதுவும், அது எவ்வளவு விலை கொடுத்ததாக இருந்தாலும், அங்கே உதவாது.

அதனால் முதல் தீர்மானம் நிறமோ டிசைனோ இல்லை, நூல்தான். நெசவுத் தொழிலில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: 100 கிராம் காய்ந்த நூல் சாதாரணக் காற்றிலிருந்து எவ்வளவு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்று. கொட்டன் சுமார் 8.5 கிராம் எடுக்கும், லினன் 12, கம்பளி 16 வரைக்கும் போகும், பொலியெஸ்டர் வெறும் 0.4. பொலியெஸ்டர் சேர்ட் உடம்போடு ஒட்டிக்கொண்டு பிசுபிசுவென்று இருப்பதற்குக் காரணம் இதுதான், வியர்வையை நூல் வாங்கிக்கொள்வதே இல்லை. கடைகளில் கிடைக்கிற கோட் சூட்டுகளில் அநேகம் பொலியெஸ்டரும் விஸ்கோஸும் கலந்தவை, உள்ளே லைனிங் முழுப் பொலியெஸ்டர், நெஞ்சுப் பக்கத்தில் பசை வைத்து ஒட்டிய கென்வஸ். மூன்று அடுக்கு, மூன்றும் காற்றை அடைக்கும். உங்கள் அண்ணனுடையதும் அநேகமாக அப்படித்தான் இருக்கும், உள்ளே விலாப் பக்கம் லேபிள் தைத்திருப்பார்கள், பாருங்கள்.

லினன் முதல் தெரிவு, நல்ல மெல்லிய கொட்டன் அடுத்தது. லினன் ஈரத்தை இழுத்து வேகமாகக் காய்ந்தும் விடும், நூல் கொஞ்சம் விறைப்பாக இருப்பதால் உடம்போடு ஒட்டாமல் தள்ளி நிற்கும், அந்த இடைவெளியில்தான் காற்று ஓடும். கசங்கும், ஆமாம். உட்கார்ந்து எழும்பினால் முழங்காலில் கோடு விழும். கடற்கரையில் யாரும் அதைக் குறையாகப் பார்ப்பதில்லை, லினன் என்றால் கசங்கும் என்று போடுகிறவர்களுக்கும் பார்க்கிறவர்களுக்கும் தெரியும். அது பிடிக்கவில்லை என்றால் லினனும் கொட்டனும் கலந்த துணி எடுங்கள், கசங்குவது குறையும், காற்றும் போகும். லினனும் பொலியெஸ்டரும் கலந்ததைத் தொடாதீர்கள்.

இங்கேதான் கவனம் வேண்டும். ‘லினன் லுக்’ என்று ஒன்று விற்கிறார்கள், பார்வைக்கு லினனைப் போலவே நூல் தடித்து மெலிந்து இருக்கும், ஆனால் முழுக்கப் பொலியெஸ்டர். கையில் பிடித்து ஒரு மூலையை நன்றாகக் கசக்கிப் பத்து விநாடி மூடி வைத்துத் திறந்து பாருங்கள், அசல் லினன் மடிப்பு விழுந்து அப்படியே கிடக்கும், மற்றது மெல்ல விரிந்துகொள்ளும். துணியை வாயில் வைத்து ஊதினால் மறுபக்கத்துக் கையில் காற்று படவேண்டும். இன்னும் சந்தேகம் என்றால் வெட்டின ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி வெளியே கொண்டுபோய் நெருப்புக்குச்சியில் காட்டுங்கள். லினனும் கொட்டனும் கடதாசி எரிகிற வாசத்தோடு எரிந்து, தொட்டால் பொடியாகிற சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறினதும் நகத்தால் உடைக்க முடியாத கறுப்பு மணியாகி நிற்கும், பிளாஸ்டிக் வாசம் வரும். கலப்புத் துணி எரியவும் செய்யும், ஓரத்தில் மணியும் கட்டும். கடைக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், நல்ல சரக்கு வைத்திருக்கிறவர் மறுக்க மாட்டார்.

சரி, உங்களுக்கு நான் சொல்கிற உடுப்பு இது. நீளக் கை லினன் சேர்ட், வெள்ளை அல்லது மிக வெளிறிய இளஞ்சிவப்பு. கீழே லினன் அல்லது கொட்டன் லோங்ஸ், மணல் நிறம் அல்லது இலேசான சாம்பல். டை வேண்டாம். கைப்பட்டியை இரண்டு மடிப்பு மடித்து முழங்கைக்குக் கீழே விட்டால் அழகாகவும் இருக்கும், காற்றும் போகும். கட்டைக் கை சேர்ட்டை விட இது ஒரு படி மேலே நிற்கும், வெயிலும் கையில் சுடாது. ஆனால் மேலேயும் கீழேயும் முழு வெள்ளை போடாதீர்கள். சிங்கள வீடுகளில் மரண வீட்டுக்குத்தான் ஆம்பிளைகள் அப்படி முழு வெள்ளையில் போவார்கள், நண்பனின் பெரியவர்கள் முன்னால் அந்த ஞாபகம் வரக் கூடாது. மாப்பிள்ளையும் அவனுடைய தோழர்களும் என்ன நிறம் போடுகிறார்கள் என்று முன்னாலேயே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள், கடற்கரைக் கல்யாணங்களில் மாப்பிள்ளையே மணல் நிற லினன் போடுவது இப்போது அதிகம். அப்படியென்றால் நீங்கள் லோங்ஸைச் சாம்பலிலோ கடும் நீலத்திலோ எடுங்கள்.

நிறத்தில் இன்னொன்று. வியர்வை நனைந்தால் அதிகமாகக் காட்டிக்கொடுப்பது நடுத்தர நீலமும் சாம்பல் நிறச் சேர்ட்டும்தான், கமக்கட்டில் வட்டமாகத் தெரியும். வெள்ளையிலும் கடும் நீலத்திலும் சின்னப் பூப்போட்ட துணியிலும் அவ்வளவு தெரியாது. உள்ளே பெனியன் போடுவதா என்று கேட்பீர்கள், மெல்லிய கொட்டன் பெனியன் போடலாம், வியர்வை சேர்ட்டுக்கு வருமுன் அது வாங்கிக்கொள்ளும். ஆனால் வெள்ளைச் சேர்ட்டுக்குள் வெள்ளைப் பெனியன் நம்முடைய தோல் நிறத்துக்குப் பளிச்சென்று கோடு காட்டும், மண்ணிறமோ சாம்பலோ போட்டால் தெரியாது.

அளவை மறந்துவிடாதீர்கள், மதிப்பு என்று அம்மா தேடுவது உண்மையில் இங்கேதான் இருக்கிறது. தோள் தையல் தோள் எலும்பு முடிகிற இடத்தில் உட்காரவேண்டும், கொலர் பட்டனைப் பூட்டினால் கழுத்துக்கும் பட்டிக்கும் நடுவில் ஒரு விரல் போகவேண்டும், நெஞ்சிலும் இடுப்பிலும் கை நிறையப் பிடிக்கிற அளவுக்குத் தளர்வு வேண்டும். இப்போது பையன்கள் எல்லாவற்றையும் தோலோடு ஒட்டத் தைக்கச் சொல்கிறார்கள், மலைக் குளிருக்கு அது தாங்கும், கடற்கரைக்கு ஆகவே ஆகாது, லினனை இறுக்கித் தைத்தால் முதுகுத் தையல் விட்டுவிடும். லோங்ஸ் தொடையில் இலேசான அகலம், முன்னால் ஒரு ப்ளீட், கால் விளிம்பு கணுக்காலைத் தொட்டு நிற்கிற அளவு. நிலத்தில் இழுபட்டால் ஈர மணலை எல்லாம் கூட்டிக்கொண்டு வரும். துணி 58 அங்குல அகலம் என்றால் நீளக் கைச் சேர்ட்டுக்கு 2 மீற்றர், லோங்ஸுக்கு 1.3 மீற்றர் போதும், 44 அங்குலம் என்றால் சேர்ட்டுக்கு இரண்டரை எடுங்கள். உயரமும் உடம்பும் உள்ளவர் டெய்லரிடம் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

வெட்ட முன்னால் துணியை ஊறப் போட மறக்காதீர்கள். லினன் முதல் தண்ணீரில் சுருங்கும். ஊறப்போடாமல் தைத்த சேர்ட் ஒரு கழுவலுக்குப் பிறகு கையில் ஏறிப்போய் நிற்கும், பிறகு டெய்லரைக் குறை சொல்லிப் பயனில்லை. இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் போட்டு, பிழியாமல் தொங்கவிட்டு, நல்லாய் ஈரம் இருக்கும்போதே அயன் பண்ணிக் கொடுங்கள். நம்முடைய பக்கம் மூடுபனியும் தூறலும் பிடித்துக்கொண்டால் துணி காய நாட்கணக்கில் ஆகும், அதையும் கணக்கில் வைத்து ஒரு மாதம் முன்னாலேயே துணியை எடுத்துவிடுங்கள்.

அழைப்பிதழில் உள்ள ‘பீச் ஃபோர்மல்’ என்பதற்கு வருவோம். கடற்கரைதான், ஆனால் குளிக்கப் போகிற உடுப்பில் வராதீர்கள் என்பது அதன் பொருள். அதற்கு நான் மேலே சொன்னது தாராளமாகப் போதும், விரும்பினால் மேலே ஒரு மெல்லிய கோட் சேர்க்கலாம். ‘ஸ்மார்ட் கேஷுவல்’ என்று இருந்தால் பத்திக் சேர்ட் கூடப் போடலாம், நல்ல கொட்டனில் செய்த பத்திக் நம்முடைய நாட்டுக் கடற்கரைக்கென்றே பிறந்த மாதிரி இருக்கும். ‘லவுஞ்ச் சூட்’ என்று வெளிப்படையாகப் போட்டிருந்தால் மட்டும்தான் கோட் கட்டாயம். கட்டைக் கால்சட்டை எந்த அழைப்பிதழுக்கும் வேண்டாம்.

கோட் ஆசை விடவில்லை என்றால், அல்லது இரவுச் சாப்பாடு குளிரூட்டின மண்டபத்துக்குள் என்றால், ஒரு வழி இருக்கிறது. லைனிங் இல்லாத, இல்லாவிட்டால் தோளிலும் கையிலும் மட்டும் லைனிங் வைத்த ஒற்றைக் கோட், லினனிலோ கொட்டனிலோ. மெல்லிய கம்பளியும் தப்பில்லை, கம்பளி என்றதும் ஸ்வெட்டர் ஞாபகம் வரும், ஆனால் முறுக்கேற்றிய நூலில் திறந்த நெசவாக நெய்தால் அது காற்றை விடும், ஈரத்தையும் வாங்கும், கசங்கவும் கசங்காது. விலைதான் கூட. இருக்கிற கோட்டிலேயே பின்பக்க லைனிங்கைப் பிரித்தெடுத்து உள் ஓரங்களுக்குப் பட்டி வைத்துத் தைக்கவும் முடியும், கோட் நல்ல துணியாக இருந்தால் அந்தக் கூலி வீண் போகாது. பொலியெஸ்டர் கோட்டுக்கு அதைச் செய்து பிரயோசனம் இல்லை. எதுவானாலும் கடற்கரையில் கையில் வைத்திருந்து மண்டபத்துக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.

வேட்டி கட்டலாமா என்றால், தாராளமாகக் கட்டலாம், எனக்குக் கேட்டால் உங்களுக்கு அதுதான் எல்லாவற்றையும் விடப் பொருத்தம். கடற்கரைக்கு வேட்டியைப் போலக் காற்றோட்டமான உடுப்பு கிடையாது. நண்பனின் அப்பா, மாமாமார் நேஷனல், அதாவது சாரமும் நீளக் கை மேற்சட்டையுமான தேசிய உடுப்பு, உடுத்திக்கொண்டு வருவார்கள், அவர்கள் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பையன் கரை வைத்த வேட்டியோடு நின்றால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும், மரியாதைக்கும் குறைவில்லை. முழு வெள்ளை பற்றிச் சொன்னேனே, அதற்கு வேட்டியில் நல்ல அகலமான சரிகைக் கரையோ நிறக் கரையோ இருக்கட்டும், சேர்ட்டை நிறத்தில் போடுங்கள், கரை நிறத்துக்குச் சேர்ந்தாற்போல.

ஆனால் பெந்தோட்டையில் காற்று இருக்கும். பகலில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகி மேலே போகிற காற்றின் இடத்தைப் பிடிக்கக் கடலிலிருந்து காற்று வரும், அது பலமாக வீசுவது பின்னேரத்தில், உங்கள் கல்யாண நேரத்தில்தான். 4 முழ ஒற்றை வேட்டி அதற்குத் தாங்காது, மடிப்பு விலகிக் காலைக் காட்டும், வெயிலுக்கு எதிரே நின்றால் துணியும் ஊடுருவித் தெரியும். 8 முழ வேட்டியை இரட்டையாக மடித்துக் கட்டுங்கள், இரண்டு அடுக்கு இருப்பதால் கனத்துக்கு ஓரளவு நிற்கும். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டாயம், உள்ளே முழங்கால் வரை கொட்டன் கட்டைக் கால்சட்டை. வெளி மடிப்பின் உள்பக்கத்தில், முழங்காலுக்குச் சற்று மேலே, அடுத்த அடுக்கோடு சேர்த்து ஒரு சின்ன சேஃப்டி பின் குத்திவிட்டால் காற்று எப்படி வந்தாலும் விரியாது, நடக்கவும் கால் தட்டாது. ஒட்டுகிற வேட்டி வாங்கினால் இடுப்பு மட்டும்தான் நிற்கும், கீழே பின் அப்போதும் தேவை. பட்டு வேட்டி, பட்டுச் சட்டை வேண்டாம். வியர்வை பட்ட இடத்தில் பட்டில் கறை வட்டம் விழும், அது எளிதில் போகாது. சால்வையும் தோளில் நிற்காது, ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டே இருக்கும், விட்டுவிடுங்கள்.

மருதமுனைக் கைத்தறிச் சாரம் நல்ல சேர்ட்டோடு உடுத்துகிறவர்களும் இருக்கிறார்கள், அது கல்யாணத்துக்கு முந்தின நாள் சாப்பாட்டுக்கு மிக அழகு. கல்யாணத்துக்கு வேட்டியோ லோங்ஸோ போங்கள்.

காலுக்கு வருகிறேன், இதில்தான் அநேகம் பேர் கோட்டை விடுகிறார்கள். கறுப்புத் தோல் சப்பாத்து மணலில் புதையும், உள்ளே மணல் போய் ஒவ்வொரு அடிக்கும் அரிக்கும், உப்புத் தண்ணீர் பட்டால் தோலில் வெள்ளைக் கோடு விழுந்து வெடிக்கும். லோங்ஸ் போட்டால் கட்டு இல்லாமல் நுழைக்கிற மண்ணிற லோஃபர், உள்ளே வெளியில் தெரியாத கட்டைச் சொக்ஸ். வேட்டி என்றால் நல்ல தோல் செருப்பு. ரப்பர் பாட்டா செருப்பு பையில் கிடக்கட்டும், விருந்து முடிந்து கடலில் இறங்க உதவும். சில கல்யாணங்களில் மணலுக்கு வந்ததும் எல்லோரையும் வெறுங்காலில் நிற்கச் சொல்வார்கள். மலைக் குளிரில் நமக்கு அநேகமாகக் குதிக்கால் வெடித்திருக்கும், இரண்டு வாரம் முன்னாலிருந்து இரவில் தேங்காய் எண்ணெயோ வஸலினோ பூசிச் சொக்ஸ் போட்டுப் படுங்கள், நகத்தையும் வெட்டிவிடுங்கள். எல்லோரும் சேர்ந்து எடுக்கிற போட்டோவில் கால் தெரியும்.

பெந்தோட்டைக் கடற்கரை மேற்கே பார்த்தது. கடலைப் பார்த்துக் கதிரை போட்டால் 4 மணி வெயில் நேராக முகத்தில்தான் அடிக்கும், அந்த மாதத்தில் சூரியன் மறைய ஆறேகால், ஆறரை ஆகும். கறுப்புக் கண்ணாடி ஒன்று சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், பெரியவர்களோடு பேசும்போதும் போட்டோவுக்கும் கழற்றுங்கள். சன் கிரீம் பூசுவதென்றால் உடுத்துவதற்கு அரை மணி முன்னால், சேர்ட் இல்லாமல் பூசிக் காயவிடுங்கள், வெள்ளைக் கொலரில் பட்டால் கழுவினாலும் மஞ்சள் கறை நிற்கும். ஒரு கொட்டன் லேஞ்சி அல்ல, இரண்டு கொண்டுபோங்கள், ஒன்று முகத்துக்கு, ஒன்று மற்றவருக்குக் காட்ட. மார்ச், ஏப்ரலில் தெற்கு மேற்குக் கரையில் பின்னேரம் இடி மழை கொட்டிவிட்டுப் போகிற வழக்கமும் உண்டு, அதனால் மாற்றுச் சேர்ட் ஒன்று அவசியம். இதே கல்யாணம் ஓகஸ்டில் நிலாவெளியிலோ பாசிக்குடாவிலோ என்றால் கணக்கு மாறும்: மே முதல் செப்டெம்பர் வரை நம் பக்கம் தென்மேற்கு மழை அடிக்கும்போது கிழக்குக் கரை காய்ந்து கிடக்கும், அங்கே பின்னேரத்தில் சூரியன் முதுகுப் பக்கம், காலைக் கல்யாணத்தில்தான் முகத்தில். உடுப்பு இதே உடுப்புத்தான், வெக்கை மட்டும் இன்னும் கொஞ்சம் கூட.

பயணம். கல்யாண உடுப்பைப் போட்டுக்கொண்டு மலையிலிருந்து இறங்காதீர்கள். விடியற்காலையில் ஸ்வெட்டரோடு ஏறுவீர்கள், கினிகத்தேனை தாண்டி கித்துல்கலைக்கு வரும்போதே ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவீர்கள், அவிசாவளையில் சேர்ட் முதுகில் ஒட்டும். அங்கிருந்து கொட்டாவைப் பக்கம் போய் அதிவேகப் பாதையில் ஏறி வெலிப்பன்னையில் இறங்கினால் பெந்தோட்டை கிட்ட, ஆனாலும் அரை நாளுக்கு மேலே பயணம். முதல் நாளே போய்த் தங்க முடிந்தால் மிக நல்லது, உடம்பும் அந்த வெக்கைக்குக் கொஞ்சம் பழகும். சேர்ட்டை மடிக்காமல் ஒரு துவாயோடு சேர்த்துச் சுருட்டிப் பையில் வையுங்கள், போய்ச் சேர்ந்ததும் குளியலறையில் தொங்கவிட்டுச் சுடுதண்ணீரைத் திறந்து ஆவி பிடிக்க விடுங்கள், பாதி மடிப்பு அதிலேயே போகும். மீதிக்கு ஹோட்டலில் அயன் கேட்டால் தருவார்கள்.

இன்னொன்று, நம் பக்கத்து அலுமாரி வாசம். ஈரக் குளிரில் பூட்டி வைத்த துணியில் ஒரு பூஞ்சை வாசம் ஏறியிருக்கும், நமக்குப் பழகிப்போனதால் தெரியாது, கீழ்நாட்டு வெக்கையில் உடம்பு சூடானதும் அது எழும்பி வரும், பக்கத்தில் நிற்கிறவருக்குத்தான் முதலில் தெரியும். சென்ட் அடித்தால் இரண்டும் கலந்து இன்னும் மோசமாகும். வெயில் வருகிற நாளாகப் பார்த்து உடுப்பையும் அதைக் கொண்டுபோகிற பையையும் உள்பக்கம் வெளியே திருப்பிப் பகல் முழுக்கக் காயப் போடுங்கள். அப்புறம் அதை மறுபடி அலுமாரிக்குள் வைக்காதீர்கள், பயணம் வரைக்கும் அறையில் வெளியே தொங்கட்டும்.

தைத்து வந்ததும் ஒரு முறை முழுசாக உடுத்திக் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பாருங்கள், குந்தி எழும்பிப் பாருங்கள், வேட்டி என்றால் படிக்கட்டில் ஏறி இறங்கிப் பாருங்கள். எங்கே பிடிக்கிறதோ அங்கே அப்போதே டெய்லரிடம் தளர்த்தக் கொடுங்கள், அதற்கு ஒரு வாரமாவது கையில் இருக்கட்டும். அண்ணனின் கோட்டை ஏப்ரலில் நுவரெலியாவில் ஏதாவது விசேசம் வந்தால் போடுங்கள், அந்தக் குளிருக்கு அது நன்றாகவே இருக்கும்.